ஆடுற தலை, ஒத்த பிளேடு: இந்த இதழ் முழுக்க ரேசர் கேள்வி – பதில்

போன இதழ்ல ஒரு தம்பி, அஞ்சு பிளேடு ஒண்ணா அடுக்குன கார்ட்ரிட்ஜ் முனை போட்டா கழுத்தெல்லாம் பொரிப்பொரியா வருதுன்னு எழுதியிருந்தாரு, ஒத்த பிளேடுக்கு மாறிப் பாருங்கன்னு ரெண்டு வரி பதில் போட்டுட்டு நான் அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அது இப்படி மெயில் பெட்டிய நிரப்பும்னு யாரு கண்டா. வந்ததுல பாதிப் பேரு கேக்குறது ஒண்ணுதான், ஒத்த பிளேடு சரி, ஆனா கார்ட்ரிட்ஜ் மாதிரியே தலை ஆடுற, அதாவது பிளேடு இருக்குற முனை முக வளைவுக்குத் தக்கனத் தன்னால திரும்புற, ஒத்த பிளேடு ரேசர் இருக்காமே, அது வாங்கலாமா? சரி, இந்தத் தடவை ரேசர்தான். சமையல் கேள்வி அனுப்புன ஆச்சிமாரெல்லாம் கோச்சுக்காதீக, அடுத்த இதழ்ல பாத்துக்கலாம்.

கே: அண்ணே, காரைக்குடியில வீட்டுலருந்தே ஐடி வேலை பாக்குறேன், தினமும் ஷேவ் பண்றவன். லீஃப்னு ஒண்ணு, ஒன்பிளேடுன்னு ஒண்ணு, ரெண்டும் தலை ஆடுற ரேசர்னு யூடியூப்ல பாத்தேன். பொங்கலுக்கு அமெரிக்காவுலருந்து மச்சான் வர்றாக, வாங்கியாரச் சொல்லலாமா? எது நல்லது?
– ஒரு வாசகர், காரைக்குடி

ப: மொதல்ல பேரு குழப்பத்தத் தீத்துக்குவோம் தம்பி. ஒன்பிளேடுன்னு தேடுனா நம்மூர்ல வந்து நிக்கிறது பிலிப்ஸ் கம்பெனியோட பேட்டரி மிஷினு, அது வேற. நீங்க பாத்தது அமெரிக்காவுல விக்கிற கையால இழுக்குற ரேசர், அதுல கோர்னு பிளாஸ்டிக்ல ஒண்ணு, ஜெனிசிஸ்னு ஸ்டீல்ல ஒண்ணு. மச்சான்கிட்ட வெறும் பேர மட்டும் சொன்னீகன்னா அவரு சார்ஜரோட வந்து இறங்குவாரு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ரெண்டுலயும் தலை ஆடும், ஆனா பிளேடு சமாச்சாரம் முழுக்க வேற. ஒன்பிளேடுக்கு ஜப்பான்ல ஃபெதர் கம்பெனி செய்யுற எஃப்.எச்.எஸ்-10ன்னு ஒரு பிளேடுதான் போட முடியும், ஒரே பக்கம்தான் கூர் இருக்கும், படு ஷார்ப்பு, அதுல குத்தம் சொல்ல முடியாது. ஆனா அது தீந்து போனா செக்காலையில எந்தக் கடையில போயி கேப்பீக? ஒவ்வொரு தடவையும் வெளிநாட்டு ஆர்டர்தான், இல்லாட்டி அடுத்த பொங்கல் வரைக்கும் மச்சானுக்குக் காத்திருக்கணும்.

லீஃப் இந்த இடத்துலதான் புத்திசாலித்தனமா யோசிச்சிருக்காக. சலூன்ல பாத்திருப்பீக, நாற்காலியில நம்மள சாய்ச்சு வச்சுட்டு அண்ணன் புது பிளேட பேப்பர் உறையப் பிரிக்காமலே ரெண்டு கையாலயும் பிடிச்சு நீளவாக்குல மடக்குவாரு, டக்குன்னு ஒரு சத்தம், பிளேடு ரெண்டா நிக்கும், பாதிய எடுத்து கத்தியில சொருகிட்டு மீதியப் பேப்பரோடயே மேசையில வச்சுருவாரு. அதே பாதி பிளேடுதான் லீஃபுக்கும். தலையத் திறந்தா உள்ள காந்தம் இருக்கு, பாதி பிளேடு அதுல போயி ஒட்டிக்கும், ஒண்ணு போடலாம் ரெண்டு போடலாம் மூணு வரைக்கும் போடலாம். டோபாஸ், செவன் ஓ கிளாக், லேசர், பெட்டிக்கடைச் சரத்துல என்ன தொங்குதோ அது போதும். ரெண்டுல ஒண்ணச் சொல்லுன்னா நம்மூர்ல வாழுற மனுசனுக்கு லீஃப்தான், ஒத்த பிளேடு மட்டும் போட்டு. மூணு போட்டீகன்னா எதுலருந்து தப்பிக்கணும்னு வந்தீகளோ அங்கயே திரும்பிப் போனதா ஆயிரும், முன்னாடி போற பிளேடு முடிய இழுத்துக் குடுக்கும், பின்னாடி வர்றது தோலுக்கும் கீழ வெட்டிரும், சுருட்டை முடிக்காரனுக்கு அந்த முடி திரும்ப வளரும்போது தோலுக்குள்ளயே வளைஞ்சு குத்தும், அதுதான் கழுத்துல வர்ற அந்தப் பொரி.

இப்ப காசு. லீஃப் அமெரிக்காவுலயே 80 டாலருக்கு மேல, நம்ம பணத்துக்கு ஏழாயிரத்துக்குக் கொறையாது. இப்ப நீங்க 150 ரூபா கார்ட்ரிட்ஜ் மாசம் ரெண்டு போடுறீகன்னு வச்சுக்குவோம், வருஷத்துக்கு 3,600. பாதி பிளேடு 2 ரூபா, அஞ்சு ஷேவுக்கு ஒண்ணுன்னு போட்டா மாசம் 12 ரூபா, வருஷத்துக்கு 150கூட ஆகாது. ரெண்டு வருஷம் ஓடுனா போட்ட காசு வந்துரும். கணக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் உடனே மச்சானுக்கு போன் போடுங்கன்னு சொல்ல மாட்டேன்.

ஏன்னா தலை ஆடுற, ஒத்த பிளேடு ரேசர் ஏற்கனவே உங்க தெருமுனையில தொங்கிக்கிட்டு இருக்கு. ஜில்லெட் கார்டு. 2010ல இந்தியாவுக்குன்னே செஞ்சு இறக்குனாக, ரேசர் 15 ரூபா, மாத்துற பிளேடு 5 ரூபான்னு வந்துச்சு, இப்ப விலை கூடிருச்சு, ஆனாலும் சில்லறைதான். தலை ஆடும், பிளேடு ஒண்ணே ஒண்ணு, முன்னாடி சீப்பு மாதிரி பல்லு வச்சு தோல அமுக்கிப் பிடிக்கும். குழாய் தண்ணி ஓடவிடாம ஒரு கப்பு தண்ணியில முக்கி முக்கி ஷேவ் பண்றவுகளுக்காக பிளேடுக்குப் பின்னாடி நல்லா வழி விட்டிருக்காக, முடி அடைக்காது. வந்தப்ப இத ஏழைக்கு செஞ்ச ரேசர்னுதான் எழுதுனாக, எனக்கென்னவோ அந்தக் கம்பெனி செஞ்சதுலயே உருப்படியான சாமான் அதுதான்னு தோணும். அத வாங்கி ஒரு மாசம் போடுங்க. கழுத்துப் பொரி அடங்கி, ஆடுற தலையும் கைக்குப் பிடிச்சிருந்தா அப்பறமா மச்சானுக்குப் பேசுங்க. பொரி அடங்கிருச்சு ஆனா தலை ஆடுறது எரிச்சலா இருக்குன்னா உங்களுக்கு வேண்டியது ஆடாத ரேசர், ரெண்டு பக்கமும் கூர் உள்ள பிளேடு போடுற சாதா டபுள் எட்ஜ் சில நூறு ரூபாயில முடிஞ்சுரும்.

கே: தலை ஆடுறதுனால அப்படி என்னதான் பிரயோஜனம்? எங்க ஐயா காலத்துல எல்லாம் ஆடாத ரேசர்லதான மழமழன்னு சிரைச்சாக?
– ஒரு வாசகர், தேவகோட்டை

ப: சரியான கேள்வி. ஒத்த பிளேடுங்குறது தோலுக்காக, ஆடுற தலைங்குறது மணிக்கட்டுக்காக. இத ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புறதாலதான் ஆளாளுக்கு ஏழாயிரம் செலவு பண்ணப் பாக்குறாக.

ஆடாத ரேசர்ல பிளேடுக்கும் தோலுக்கும் நடுவுல ஏறக்குறைய 30 டிகிரி சாய்வு இருக்கணும், அத வச்சிருக்குறது நம்ம கை. கன்னத்துலருந்து தாடைக்கு இறங்கும்போது கைப்பிடிய ஏத்தணும், தாடை எலும்பு திரும்புற இடத்துல மணிக்கட்ட மடக்கணும், குரல்வளை மேட்டுல தோல ஓரமா இழுத்து சமமாக்கிட்டு ஓட்டணும். உங்க ஐயாவுக்கு இதெல்லாம் யோசிக்காமலே வந்திருக்கும், தினமும் பண்ணுனா ரெண்டு மூணு வாரத்துல யாருக்கும் வந்துரும். ஆடுற தலையில அந்த சாய்வ ரேசர் பாத்துக்கும், 1977ல ஜில்லெட் ஆட்ரான்னு ஒரு கார்ட்ரிட்ஜ்ல அதக் கொண்டாந்தாக, அதுக்கப்பறம் வளந்த தலைமுறைக்கு மணிக்கட்ட மடக்குற பழக்கமே விட்டுப் போச்சு.

இதுல ஒரு வில்லங்கம் என்னன்னா, தலை ஆடுனா கை தன்னால அமுக்கும். கார்ட்ரிட்ஜ்ல அமுக்கி அமுக்கிப் பழகுன கைய அப்படியே கொண்டாந்து லீஃப் மாதிரி கனமான மெட்டல் ரேசர்ல வச்சா தோல் சிவந்து எரியும், அப்பறம் ரேசரத் திட்டுறது. ரேசர் கனமே போதும், நீங்க சும்மா வழி காட்டுனா போதும்.

கே: எனக்கு மீசைதான் முக்கியம் அண்ணே. முறுக்கு மீசை, கீழ் ஓரம் நூல் பிடிச்ச மாதிரி இருக்கணும். ஆடுற ரேசர் சரிப்படுமா?
– ஒரு வாசகர், திருப்பத்தூர்

ப: படாது. வெள்ளைக்காரன் ரிவ்யூவுல இத யாரும் பெருசாப் பேச மாட்டாக, ஏன்னா அங்க முக்காவாசி ஆளுக்கு மீசை கிடையாது. நமக்கு அதுதான மொத விஷயம். கோடு போடணும்னா பிளேடு முனை எங்க நிக்குதுன்னு கண்ணுக்குத் தெரியணும், வச்ச இடத்துல நிக்கணும். ஆடுற தலைய மீசை ஓரத்துல வச்சா உதட்டு மேட்டுல பட்டு அது தன்னால திரும்பும், நீங்க நெனச்ச எடத்துக்கு அரை நூல் மேல போயிரும், அப்பறம் இந்தப் பக்கம் சரி பண்ண, அந்தப் பக்கம் சரி பண்ண, கடைசியில கண்ணாடியில யாரோ நிப்பாரு. லீஃபுக்குத் தலை வேற பெருசு, மூக்குக்குக் கீழ உள்ள சந்துல நுழையாது, கிருதா ஓரத்துலயும் மறைக்கும். அந்தக் கம்பெனிக்காரகளே டுவிக்னு தலை சின்னதா, ஆடாத ஒண்ணும் விக்கிறாக, அதுலயும் பாதி பிளேடுதான், மீசைக்காரனுக்கு அது தோது. ஆனா அதுக்கும் டாலர் குடுக்கணும். சாதா டபுள் எட்ஜ் ரேசரே மூலைய வச்சுக் கோடு போடும், இல்லாட்டி கன்னத்துக்கு ஜில்லெட் கார்டு, மீசைக்கு வாரம் ஒரு தடவ சலூன். உங்க மீசைய வருஷக்கணக்காப் பாக்குற கை ஒண்ணு அங்க இருக்குமே, அத விட்டுட்டு எதுக்கு?

கே: என் மாமனாருக்கு 78 வயசு, கை லேசா நடுங்குது. ஆனா ஷேவ் மட்டும் நானே பண்ணிக்குவேன்னு பிடிவாதம். ரத்தம் உறையாம இருக்குற மாத்திரை வேற சாப்பிடுறாக. அவுகளுக்கு எது வாங்கித் தரலாம்?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

ப: ஆச்சி, ஆடுற தலை கண்டுபிடிச்சதே இவுகளுக்குத்தான்னு வச்சுக்கங்க. மணிக்கட்டு நிலையா நிக்காதபோது சாய்வ ரேசர் பாத்துக்குறது உண்மையிலயே பெரிய உதவி. ஆனா விலை கூடுன மெட்டல் வேணாம், கனமான ரேசர் நடுங்குற கையிலருந்து நழுவுனா கீழ விழுற வரைக்கும் எங்க படும்னு சொல்ல முடியாது. ஜில்லெட் கார்டு மாதிரி லேசானது, முன்னாடி சீப்புப் பல்லு உள்ளது போதும். நின்னுக்கிட்டு வேணாம், முற்றத்து வெளிச்சத்துல நாற்காலி போட்டு உக்காரச் சொல்லி, கண்ணாடிய கண் மட்டத்துல வச்சுக் குடுங்க. குளிச்ச பிறகு பண்ணச் சொல்லுங்க, முடி ஊறியிருக்கும், ஒரு இழுப்புல போயிரும். எதிர்ப்பக்கமா இழுக்குற ரிவர்ஸ் ஷேவ் கண்டிப்பா வேணாம்.

அந்த மாத்திரை போடுறவுகளுக்கு சின்னக் கீறல்கூட சட்டுன்னு நிக்காது. படிகாரக் கட்டி ஒண்ணு நாட்டு மருந்துக் கடையில வாங்கிப் பக்கத்துல வைங்க, இருந்தாலும் அடுத்த தடவ டாக்டர்ட்ட போகும்போது ஷேவிங்குக்கு எது பாதுகாப்புன்னு ஒரு வார்த்தை கேட்டுருங்க, அவரு பேட்டரி டிரிம்மருக்கு மாறச் சொல்ல வாய்ப்பு உண்டு. டாக்டரே சொன்னாருன்னா பிடிவாதம் கொறையும், மருமக சொன்னா கொறையாது.

கே: பழனி பாதயாத்திரைக்கு மொட்டை போட்டேன், புடிச்சுப் போச்சு, அப்படியே மெயின்டெயின் பண்றேன். பின்மண்டைய நானே எடுக்க முடியுற மாதிரி ரேசர்?
– ஒரு வாசகர், கண்டனூர்

ப: இங்கதான் தம்பி லீஃப் விலைக்குத் தகுதியான சாமான். பின்மண்டை கண்ணுக்குத் தெரியாது, 30 டிகிரி எங்க போயி பாக்குறது, காதுக்குப் பின்னாடி வளைவு, பிடரியில மடிப்பு, அங்கெல்லாம் ரேசர் தலை தன்னால திரும்பித்தான் ஆகணும். மொட்டைக்கு மட்டும் நான் சொன்ன விதியில விலக்கு, ரெண்டு பாதி பிளேடு போட்டுக்கலாம், மண்டை முடி தாடி மாதிரி முரடு கிடையாது, பரப்பும் பெருசு. இதே காரணத்துக்கு கால் கையில முடி எடுக்குற பொண்ணுகளுக்கும் ஆடுற தலை நல்லது, முட்டியும் கணுக்காலும் ஆடாத ரேசர்ல படுத்தி எடுத்துரும். கால் முடி எடுக்க எது நல்லதுன்னு கானாடுகாத்தான்லருந்து கேட்டிருந்த தங்கச்சிக்கும் இதே பதில்தான்.

கே: எங்க போர் தண்ணி ஒரே உப்பு. சோப்பு நுரைக்க மாட்டேங்குது, ரெண்டு நாள்ல ரேசர் தலை ஆடாம இறுகிப் போயிருது. பிளேடும் சீக்கிரம் மொண்ணையாகுது. ரேசர் கோளாறா தண்ணிக் கோளாறா?
– ஒரு வாசகர், கொத்தமங்கலம்

ப: தண்ணிதான். நம்ம பக்கத்து போர் தண்ணியில கால்சியம் ஜாஸ்தி, அது சோப்போட சேந்து நுரையாகாம வெள்ளைப் பிசுக்கா மாறும், பக்கெட் ஓரத்துல படியுமே அதே பிசுக்கு. ஆடுற ரேசர்ல கீல் இருக்கு, கீலுக்குள்ள அந்தப் பிசுக்கு போயி காஞ்சா இறுகத்தான் செய்யும். ஆடாத ரேசருக்கு இந்தத் தொல்லையே இல்ல, கழட்டுனா மூணு துண்டு, கழுவித் தொடச்சு மாட்டிரலாம். உப்புத்தண்ணி வீட்டுக்காரக ஆடுற ரேசர் வாங்குறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டிய விஷயம் இது, விளம்பரத்துல வராது.

வழி என்னன்னா, ஷேவிங்குக்கு வேண்டியது ஒரு செம்பு தண்ணி. நடுவுல முற்றம் வச்ச வளவு வீடுன்னா கூரைத் தண்ணி அதுல இறங்கி அண்டாவுல விழும், அந்த மழைத்தண்ணியில பிரஷ்ஷ நாலு சுத்து சுத்துனா நுரை கிண்ணத்துல நிக்காது, வழியும். இல்லாட்டி ஊரணித் தண்ணி, அதுவும் இல்லாட்டி கேன் தண்ணியில ஒரு கப்பு. முடிச்சதும் ரேசர் தலைய நல்ல தண்ணியில முக்கி உதறி, ஈரம் படாத எடத்துல தொங்கவிடுங்க. கீல் இறுகிருச்சுன்னா பிளேட எடுத்துட்டு வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு விட்டு ஊற வச்சு, பழைய டூத் பிரஷ்ல தேய்ங்க. வீட்டுல பித்தளைச் சாமான் பளபளக்குற மாதிரி இதையும் ஆக்குறேன்னு புளி போட்டுத் தேச்சுராதீக. முலாம் பூசுன சாமான், புளிப்பு அத அரிச்சுரும்.

பிளேடு மொண்ணையாகுறதுக்கு துரு ஒரு காரணம்தான், ஸ்டெயின்லெஸ்னாலும் உப்பு அதத் தின்னும். எப்படித் தின்னுதுன்னு ஆராயத்தான் நம்ம காரைக்குடியிலயே செக்ரிங்குற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சமும் குடுத்து வந்த நிலையம், 1948ல நேரு அடிக்கல் நாட்டுனாரு. ஆனா துரு மட்டும் இல்ல, 2020ல அமெரிக்காவுல இருக்குற எம்.ஐ.டி.யில பிளேடு முனைய எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்திருக்காக, முடி ஸ்டீலவிட 50 மடங்கு மெதுசு, இருந்தும் வளைஞ்சு ஒரு கோணத்துல மோதும்போது முனையில சின்னச் சின்னதா சில்லு பேந்துருதாம். அதனால பிளேட துண்டுல துடைச்சு காப்பாத்துறேன்னு எல்லாம் மெனக்கெட வேணாம், துடைக்கும்போது முனைதான் போகும். நாலஞ்சு ஷேவு, இழுக்க ஆரம்பிச்சதும் மாத்திருங்க. ரெண்டு ரூபா சமாச்சாரம்.

கே: முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடையில ஒரு நிக்கல் டப்பா பாத்தேன், உள்ள ஒத்தப் பக்க பிளேடு, ஒரு மூடியில கல்லு, இன்னொரு மூடியில தோல். ரோல்ஸ் ரேசர்னு எழுதியிருக்கு. ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியாம், கடைக்காரர் பெரிய விலை சொல்றாரு.
– ஒரு வாசகர், காரைக்குடி

ப: காருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அந்தப் பேருக்குன்னு கூட்டுன காசக் குறைக்கச் சொல்லுங்க. இங்கிலாந்துல செஞ்ச ரேசர் அது, பிளேட வாங்கி வாங்கிப் போட வேண்டாம், ஒரே பிளேடுதான், டப்பாவுக்குள்ளயே வச்சு கைப்பிடிய முன்னும் பின்னும் தள்ளுனா ஒவ்வொரு திருப்பத்துக்கும் கடக் கடக்குன்னு புரண்டு புரண்டு கல்லுலயோ தோல்லயோ தீட்டிக்கும். அந்தக் கம்பெனி பின்னாடி வாஷிங் மிஷின் வித்து 1964ல திவாலாச்சு. பர்மா மலேயான்னு போயி வந்த வீடுகள்லருந்து இதெல்லாம் கடைக்கு வந்து சேருதுபோல.

வாங்குறதுன்னா மூணு பாருங்க. கல்லு விரிசல் விட்டிருக்கா, தோல் வெடிச்சிருக்கா, பிளேடு முனையில கறுப்புப் புள்ளி இருக்கா. புள்ளி இருந்தா அங்க முனை பொடிஞ்சு கொட்டும், ஷேவ் பண்ண ஆகாது, அலமாரியில வைக்கத்தான். தலையும் ஆடாது. பாக்குறதுக்கு அழகு, அதுக்குன்னு ஒரு விலை குடுக்கலாம், தினசரி ஷேவுக்குன்னு குடுக்காதீக.

கே: திருச்சியிலருந்து சிங்கப்பூர் போறேன், ரேசர கைப்பையில வைக்கலாமா?
– ஒரு வாசகர், புதுவயல்

ப: தனி பிளேடு கைப்பையில இருந்தா செக்யூரிட்டியில எடுத்துப் போட்டுருவாக, லீஃபோ டபுள் எட்ஜோ எதுவா இருந்தாலும் பிளேடோட செக்கின் பெட்டியிலதான். செக்கின் பெட்டியே இல்லன்னா ரேசர வீட்டுல வச்சுட்டுப் போங்க, அங்க இறங்குனதும் முஸ்தபா கடையில ஒண்ணு வாங்கிக்கலாம்.

கே: பழைய பிளேட எங்க போடுறது? எங்க அம்மா ஜன்னல் மேல அடுக்கி வச்சிருக்காக.
– ஒரு வாசகர், கோட்டையூர்

ப: அம்மாட்டருந்து வாங்கி ஒரு தகர டப்பாவுல போடுங்க, பால்பவுடர் டப்பா போதும், மூடியில பிளேடு நுழையுற அளவுக்கு ஒரு கீறல் போட்டு, மூடிய டேப்பால ஒட்டிருங்க. பாதி பிளேடு ஆளுக தெரிஞ்சுக்கங்க, ஒடிச்ச ஓரமும் கீறும், மீதிப் பாதிய வெறுமனே மேசையில விடாம உறையோடயே வைங்க. டப்பா நிறைய வருஷக்கணக்கா ஆகும், நிறைஞ்சதும் குப்பை வாங்க வர்ற அண்ணன்ட்ட உள்ள பிளேடு இருக்குன்னு சொல்லித் தனியாக் கையில குடுங்க, மத்த குப்பையோட போட்டா அவுக கைதான் கிழியும்.